நாலு வாதமும் ஒரு கையெழுத்தும்

விவாதப் பயிற்சி என்பது, ஊரார் பிள்ளைகளுக்கு எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டு, அவர்கள் முதலில் எதிர்த்துப் பேசும் ஆளாக நாமே போய் மாட்டிக்கொள்ளும் தொழில். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷமாக இந்தத் தொழிலைச் செய்கிறேன். மற்றவர்களெல்லாம் கணக்கு மிஸ், வேதியியல் சார் என்று கௌரவமாக இருக்க, நான் மட்டும் ‘டிபேட் மிஸ்’. வாயாடி என்பதை மரியாதையாகச் சொன்னால் அப்படித்தான் வரும். என்னைப்போல வாயால் பிழைக்கும் சகாக்களும், வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு வாயே திறக்க முடியாமல் தவிப்பவர்களும் இதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

சமவெளிப் பள்ளிக்காரர்கள் போட்டிக்குக் கட்டுக்கட்டாகப் புள்ளிவிவரத்தோடு வருவார்கள். எங்களுக்கு மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் நெட் போகும். ஆகவே நான் புள்ளிவிவரத்தை விட்டுவிட்டு அறத்தைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு சார்ஜ் போட வேண்டியதில்லை. மொத்தம் நாலு வாதம். நிறையப் பேருக்கு நிறைய நல்லது நடந்தால் அதுவே சரி என்பது பயன்வாதம். பலன் எதுவானாலும் செய்யத் தகாதது தகாததுதான் என்பது கடமைவாதம். இந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷன் இருந்தால் என்ன செய்வான் என்று கேட்பது குணவாதம். கடைசியாகத் திரைவாதம்: நீ யாராகப் பிறப்பாய் என்று தெரியாதபடி ஒரு திரை கட்டியிருக்கிறது, இப்போது சட்டம் போடு பார்க்கலாம் என்பது. பிள்ளைகள் மூன்றே வாரத்தில் நாலையும் கற்றுக்கொண்டார்கள். கற்றதை யார் மேல் வீசினார்கள் என்பதுதான் விஷயம்.

பிரேக் பிடிக்காத பஸ்

இந்தப் பாடத்தை ஆரம்பிக்க உலகம் முழுக்க ஒரே புதிர்தான். பிரேக் இல்லாத ரயில் பெட்டி ஒன்று ஓடி வருகிறது. நேரே விட்டால் ஐந்து பேர் காலி, தடம் மாற்றினால் ஒருத்தர் காலி. எங்கள் மலையில் ரயிலே கிடையாது என்பதால் நான் அதை மலைப்பாதையில் இறங்கும் பஸ்ஸாக மாற்றினேன். நேரே போனால் டீக்கடை வாசலில் ஐந்து பேர், ஸ்டியரிங்கை ஒடித்தால் ஓரமாக நிற்கும் ஒருத்தர். சாமர்த்தியமாகத்தான் மாற்றியிருக்கிறோம் என்று எனக்கே ஒரு பெருமை.

கேட்ட இடம்தான் தப்பு. முதல் வரிசையில் ரெஜினா இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு, எங்கள் அணியின் முதல் பேச்சாளர். அவளுடைய அப்பா அந்தோணி, ஏரிக்கரை ஸ்டாண்டில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறவர். நான் புதிரைச் சொல்லி முடித்து, எல்லாரும் ஐந்தா ஒன்றா என்று மனசாட்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்தாள். “செகண்ட் கியர்ல எறங்கியிருந்தா பிரேக் ஏன் மிஸ் சூடாகுது? டீசல் மிச்சம் பிடிக்கன்னு நியூட்ரல்ல விட்டிருக்கான். அஞ்சு பேரா ஒருத்தரான்னு அப்புறம் பேசுவோம், மொதல்ல அந்தாளு லைசென்ஸப் புடுங்குங்க மிஸ்.”

பூண்டு வயலில் கடமைவாதம்

இரண்டாவது பேச்சாளர் கபிலன். பூம்பாறைப் பையன், வீட்டுக்கு மலைச்சரிவில் படிக்கட்டுபோல் பூண்டு வயல். அவனுக்கு நாலு வாதத்தில் கடமைவாதம்தான் ரொம்பப் பிடித்துப்போனது. அதிலும் குறிப்பாக, எந்த மனுஷனையும் நம் காரியத்துக்கு வெறும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்ற வாசகத்தை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, இரண்டு தடவை அடிக்கோடும் போட்டிருந்தான். நல்ல பையன் என்று நான் நினைத்தேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவன் அம்மா வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூண்டு பிடுங்குகிற நாளில் மகனைக் கூப்பிட்டிருக்கிறார். அவன் கட்டிலை விட்டு எழாமல், “என்னையக் கருவியா நடத்தாதம்மா” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டானாம். எந்த ஊர்க்காரர் சொன்னது, எப்பேர்ப்பட்ட தத்துவம் என்றெல்லாம் நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்க வீட்ல மம்பட்டி கெடக்கு, கடப்பாறை கெடக்கு, மருந்தடிக்கிற மிஷினு கெடக்கு. இவனப் போயி யாரு மிஸ் கருவிம்பா? கருவின்னா வேலையாச்சும் செய்யுமே!”

பயன்வாதம் பீரியடைப் பறித்த கதை

எங்கள் தலைமையாசிரியர் ஒருநாள் வகுப்பின் பின் பெஞ்சில் உட்கார்ந்து நாலு வாதத்தையும் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மறுவாரம் கூப்பிட்டு அனுப்பினார். டிபேட்டில் இருப்பது ஆறு பேர், கணக்கில் தள்ளாடுவது முப்பது பேர், ஆகவே நிறையப் பேருக்கு நிறைய நல்லது என்ற கணக்குப்படி வெள்ளிக்கிழமை பீரியட் கணக்குக்குப் போகிறது என்றார். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

என் சார்பில் வாதாடக் கபிலன் போனான். அவரிடமே திரையைக் கட்டினான். “சார், நீங்க யாராப் பொறப்பீங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதுன்னு வைங்க. கணக்கே வராத, ஆனா நல்லாப் பேசத் தெரிஞ்ச ஒரு பையனாப் பொறந்திருந்தா?” தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனம் இளகிவிட்டது என்று வாசலில் நின்ற நான் நினைத்தேன். அவர் சொன்னார்: “அப்படித்தான்டா பொறந்தேன். அதனாலதான் ஹெட்மாஸ்டரா இருக்கேன்.” பீரியட் போனது போனதுதான். இப்போது சாப்பாட்டு இடைவேளையில் வகுப்பு நடக்கிறது.

ஸ்டாண்டில் ஒரு விசாரணை

இனிச் சொல்வது சிரிப்பு விஷயம் இல்லை. எங்களுக்கு மண்டலப் போட்டி பழனியில் நடக்கும். அதில் ஜெயிக்கும் அணி சென்னைக்குப் போகும். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பள்ளி யாரையும் அனுப்பாது. போன வருஷம் நாங்கள் ஜெயித்தோம், ரெஜினாவின் அப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். வேறொரு பெண்ணைக் கூட்டிப்போய் முதல் சுற்றிலேயே திரும்பி வந்தோம். ரெஜினா ஒரு வாரம் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. இந்த வருஷம் அவளுக்குப் பள்ளியில் கடைசி வருஷம். ஆகவே போட்டிக்கு முன்னாலேயே படிவத்தை எடுத்துக்கொண்டு நானே ஸ்டாண்டுக்குப் போனேன்.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பமாட்டார் போல என்று நினைத்து, அதற்கு நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் பிரச்சினை அது இல்லை. எங்கள் தொழிலே அவருக்குப் பிடிக்கவில்லை. விவாதத்தில் எந்தப் பக்கம் பேசுவது என்பதை டாஸ் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். அதனால் இரண்டு பக்கமும் பழகிக்கொள்ள வேண்டும். ரெஜினா வீட்டுக் கண்ணாடி முன்னால் திங்கள்கிழமை செல்போன் வேண்டும் என்று பேசியிருக்கிறாள், செவ்வாய்க்கிழமை செல்போன் வேண்டாம் என்று பேசியிருக்கிறாள். “ரெண்டு நாளும் ஒரே மாதிரி கண்ணு கலங்குறா மிஸ். எது நெஜம்னு பெத்த எனக்கே தெரியல” என்றார். பக்கத்தில் இருந்த டிரைவர்கள் இரண்டு பேரும் எனக்காக வருத்தப்படுவதுபோல் தலையாட்டினார்கள்.

நான் படிவத்தை நீட்டினேன். அந்தோணி அண்ணன் அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “மேகம் எறங்கிக் கெடந்தா வியூ பாயிண்ட்ல ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லித்தான் மிஸ் நான் சவாரியே ஏத்துவேன். இந்தத் தடவை பழனிக்கு நானே வாரேன். எம்புள்ள மேடையில நெஜத்தப் பேசுனா கையெழுத்துப் போடுறேன். பொய் பேசுனான்னா, பேப்பர் எம்பையிலேயே கெடக்கட்டும்.”

இலை போட்டாச்சு

மண்டலப் போட்டிக்கு முந்தின வாரம் ஒரு நட்புப் போட்டி. நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பட்டிமன்றம் பார்த்துப் பழகியவர். விவாதப் பயிற்சியாளர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு உண்டு. வாதத்தை வைப்பதற்கு முன்னால், எந்த அளவுகோலால் அதை அளப்பது என்று சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருப்போம். கபிலன் அதைச் சிரமேற்கொண்டான். அறம் என்றால் என்ன, நீதி என்றால் என்ன, இரண்டுக்கும் என்ன வித்தியாசம், ஏன் கடமைவாதம்தான் சிறந்தது, மற்ற மூன்றும் ஏன் குறைபாடுள்ளவை என்று ஐந்து நிமிஷமும் அழகாகப் பேசினான். “ஆகவே இன்றைய தலைப்பைப் பொறுத்தவரை” என்று தொடங்கும்போது மணி அடித்துவிட்டது. தலைப்பு என்ன என்று கடைசிவரை சபைக்குத் தெரியாது. நடுவர் மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். “தம்பி, இலை போட்டாச்சு, தண்ணி தெளிச்சாச்சு, ஓரமா உப்பும் வச்சாச்சு. சோறு எங்கய்யா?”

டாஸ்

பழனியில் மண்டலப் போட்டி. சீசன் சமயத்துச் சனிக்கிழமை. அந்தோணி அண்ணன் சொன்னபடியே தன் வேனில் எங்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்கினார். ஸ்டாண்ட் டிரைவர்கள் இரண்டு பேரும் கூடவே வந்தார்கள். மூன்று பேரும் வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப்போல் மூன்றாவது வரிசையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இறுதிச் சுற்றுவரை சுலபமாக வந்துவிட்டோம். அப்புறம்தான் தலைப்பை அறிவித்தார்கள்: மலைச் சுற்றுலா ஊர்களுக்குள் நாளொன்றுக்கு வரும் வண்டிகளுக்கு வரம்பு வேண்டும். டாஸ் போட்டார்கள். எங்களுக்கு விழுந்தது ‘வேண்டும்’.

மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுற்றுலா வண்டி குறைந்தால் ஆள் குறையும், ஆள் குறைந்தால் சவாரி குறையும். டாக்ஸி ஓட்டுகிற அப்பாவுக்கு முன்னால், டாக்ஸிக்காரர்கள் வயிற்றில் அடிக்கிற தலைப்பை மகள் பேச வேண்டும். அதுவும் அவர் கையெழுத்துக்காக. இப்போது ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷமாக அறம் சொல்லிக்கொடுக்கும் நான், தயாரிப்பு அறையில் ரெஜினாவைத் தனியாக இழுத்து, “கொஞ்சம் சுருதி கொறச்சுப் பேசும்மா, கபிலன் பாத்துக்குவான்” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. “எனக்கு நெஜமாவே வரம்பு வேணும்னு தோணுது மிஸ். அப்பாவுக்காக மெதுவாப் பேசுனேன்னா, அதுதான் மிஸ் பொய்.”

மூன்றாவது வரிசை

அவள் திரைவாதத்தை எடுத்தாள். “நடுவர் அவர்களே, நான் யார் என்று எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் விடுமுறைக்கு வந்த பயணியாக இருக்கலாம். பூம்பாறையிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு, சந்தைக்கு நேரமாகிறதே என்று நடுரோட்டில் நிற்கும் விவசாயியாக இருக்கலாம். பிரசவ வலியோடு, நகராத ஆம்புலன்ஸில் படுத்திருக்கும் பெண்ணாக இருக்கலாம்.” நான் சொல்லிக்கொடுத்தது அதுவரைதான். அடுத்து அவள் செய்ததை எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக்கொடுக்க மாட்டார். எதிரணிக்கு ஒரு புள்ளியையும் சும்மா கொடுக்காதே என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். “நான் ஒரு டாக்ஸி டிரைவராகவும் இருக்கலாம். இந்த வரம்பு வந்தால் முதல் அடி எனக்குத்தான். அதை மறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. என் அப்பா டாக்ஸி ஓட்டுகிறார். அவருக்கு நஷ்டம் வரும். அப்படியும் இது வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.”

எதிரணிப் பெண் சும்மா விடுவாளா? “முதல் பேச்சாளரின் தந்தைக்கே நஷ்டம் என்று அவரே ஒப்புக்கொண்டார். இனி நாங்கள் எதை நிரூபிக்க வேண்டும்?” என்றாள். அரங்கம் கைதட்டியது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு விசிலும் வந்தது. டிரைவர்கள் இரண்டு பேரும் தங்களுக்காக யாரோ பேசிவிட்ட சந்தோஷத்தில், எங்கள் அணியோடு வந்திருப்பதை மறந்தே போனார்கள். அந்தோணி அண்ணன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். எங்களுக்கு எதிராக மார்க் போட்ட இரண்டு நடுவர்களில் ஒருவர் பெண் வக்கீல். அவர் மேடையை விட்டு இறங்கி வந்து ரெஜினாவின் தோளைத் தொட்டார். “நீ பேசுனது மனசத் தொட்டுச்சும்மா. என்ன செய்ய, மார்க் ஷீட்ல மனசுக்குன்னு ஒரு கட்டம் இல்லையே.”

பெருமாள்மலையில் முக்கால் மணி நேரம்

மறுபடியும் வேனில் மலை ஏறினோம். கடைசி வருஷமும் போயிற்று. ரெஜினா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவும் முடியவில்லை, கபிலனைப் பார்க்கவும் முடியவில்லை. என் ஆசைக்குப் பிள்ளைகளை இழுத்து விட்டோமே என்று நினைத்துக்கொண்டே வந்தேன். விசிலடித்த டிரைவர்கள் இரண்டு பேரும் பின் சீட்டில் பள்ளிப் பிள்ளைகளைவிட ஒழுக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். பெருமாள்மலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு விளக்கு. அந்தோணி அண்ணன் என்ஜினை அணைத்தார். முக்கால் மணி நேரம் ஓர் அடி நகரவில்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் காருக்கு வெளியே துண்டை விரித்துப் புளியோதரை சாப்பிட ஆரம்பித்தது.

அந்தோணி அண்ணன் கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தார். “ஏம்மா, அந்த வரம்பு வரம்புன்னியே. ஒரு நாளைக்கு எத்தன வண்டின்னு வைக்கணும்ங்குற?” ரெஜினா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “அது நடுவர் கேக்கலப்பா, அதனால நாங்க யோசிக்கல” என்றாள். கபிலன் முதல் தடவையாகச் சிரித்தான். பின் சீட்டிலிருந்து ஒருவர், வெளியூர் வண்டிக்கு மட்டும் வரம்பு வைத்தால் நம்ம சோலிக்குப் பாதகம் இல்லையே என்று ஆரம்பித்தார். இன்னொருவர் அதை மறுத்தார். வண்டிக்குள் அடுத்த சுற்று தொடங்கிவிட்டது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே அந்தோணி அண்ணன் சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். மடிப்பைப் பிரித்து, ஸ்டியரிங்கின் மேல் வைத்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். “அண்ணே, தோத்துட்டோமே, இது இனி எதுக்கு?” என்றேன். அவர் முன்னால் இருந்த வண்டிகளையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஜெயிச்சாப் போடுறேன்னா மிஸ் சொன்னேன்? நெஜத்தப் பேசுனாப் போடுறேன்னேன். அவ பேசுனது அம்புட்டும் தப்பு. ஆனா ஒண்ணுகூடப் பொய் இல்ல.”

மனசில் இருப்பதை அப்படியே சொன்னாலே போதும் என்று ஊரில் எல்லாரும் தெரிந்துகொண்டால் முதலில் வேலை போவது எனக்குத்தான் என்பதால், இதைப் படித்தவர்கள் தயவுசெய்து வெளியில் சொல்ல வேண்டாம்.